பதினோரு நிமிடம்

ஆண்டின் கடைசி இரவில் வானொலி எனக்குத் தந்திருப்பது
பதினோரு நிமிடம்.
அதற்குள் ஓர் ஆண்டை வாசித்து முடிக்க வேண்டும்.
பிறகு போதகரின் ஜெபம், பிறகு கடல் ஏற்ற நேரம்,
பிறகு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் ஜனம் மொத்தத்தையும்
ஒரே ரயில் நிலையத்தில் நிற்கவைத்துவிடலாம்
என்று எழுதினான் ஒரு வெளிநாட்டு நிருபன்.
நிற்கவைக்கலாம்தான்.
ரயிலைத்தான் நாங்கள் பார்த்ததில்லை.

ஜனவரி இருபதில் ஆட்சி கவிழ்ந்தது.
எட்டுக்கு எட்டு என்றிருந்த சபைக்கு
சுவாலிக்கி ஏறிவந்த கப்பல்
இயந்திரம் பழுதாகி நடுக்கடலில் நான்கு நாள் நின்றது.
எட்டுக்கு ஏழு.
ஐந்தாம் நாள் ஒரு சாக்கு நண்டோடு இறங்கியவர்
துறைமுகப் பையனிடம் கேட்டார்:
"இப்போ யாருப்பா பிரதமர்?"
எல்லாம் எழுதியிருந்தேன்.
இயக்குநர் பெனிதாலா
நண்டை மட்டும் அடித்துவிட்டார்.

பிப்ரவரி அமாவாசைக்குத் தண்ணீர் வந்தது.
கரை தாண்டி வரவில்லை.
தரைக்கடியிலிருந்து, பவளத்தின் துளைகள் வழியே,
வீட்டு ஆள்போல ஓசையில்லாமல் எழுந்து வந்தது.
வங்கிப் பெட்டகம் நனைந்தது.
நாட்டின் கையிருப்பைத் தாள் தாளாகக் கொடியில் போட்டு
கிளிப் மாட்டி உலர்த்தினாள் காசாளர் லோசிவா.
காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஃபகவாய்
அன்று பிடிக்க வேண்டியிருந்தது காற்றை.
ஓர் ஐம்பது டாலர் பன்றிப் பட்டிக்குள் பறந்தது.
வெள்ளச் சேதம் பற்றிய அரசு அறிக்கையில்
துல்லியமாக இருந்த ஒரே எண் அதுதான்.

மார்ச்: குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.

ஆகஸ்ட்டில் தீமாலி உலக மேடையில் பளு தூக்கினான்.
சரியாகச் சொன்னால், தூக்கவில்லை.
மூன்று முறையும்.
மூன்றாவதில் இரும்பு முழங்காலைத் தாண்டியபோது
பள்ளிக்கூடத் திரைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த சபை,
எதிர்க்கட்சி உட்பட, எழுந்து நின்றது.
அவன் திரும்பிய நாளில்
ஓடுபாதையில் நாய் விரட்ட ஆளில்லை.
விரட்டுகிறவனும் மாலை கோத்துக்கொண்டிருந்தான்.
வானத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு
இறங்கியது விமானம்.

செப்டம்பரில் உலகச் சபையில் எங்கள் அமைச்சர் பேசினார்.
நாற்காலிகள் கேட்டன.

நவம்பரில் அந்தச் சட்டம்.
"நிலம் இருப்பினும் இல்லாது போயினும்
இந்நாடு நாடாகவே நீடிக்கும்."
பதினாறுக்குப் பூஜ்யம்.
சம்பள உயர்வு நீங்கலாக
பதினாறு கைகளை ஒன்றாக நான் பார்த்தது அன்றுதான்.
தூக்கிய கையை இறக்காமலே சுவாலிக்கி கேட்டார்:
"அப்போ சபை எங்கே கூடும்?"
சபாநாயகர் தெமுகிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
குறிப்பேட்டில் அடுத்த வரி:
தேநீர் இடைவேளை.

எண்ணெய்க் கப்பல் தாமதமாம்.
ஏழே நிமிடம் என்கிறார் பெனிதாலா
கதவுக்கு வெளியே, சைக்கிளைத் திருப்பியபடி.
அமைச்சரை எடுத்துவிடுகிறேன்.
மீன்பிடி ஒப்பந்தம், புதிய தபால்தலை,
இரண்டு திறப்பு விழா, ஒரே பாலத்துக்கு. எடுத்துவிடுகிறேன்.
சைக்கிள் மணி தேய்ந்து மறைந்த பிறகு
மார்ச்சுக்கு நேராகப் பென்சிலால் எழுதுகிறேன்:
பழம் பறிக்கும் வேலைக்கு முப்பத்தேழு பேர் விமானம் ஏறினார்கள்.
யாரும் இன்னும் திரும்பவில்லை.

பெயர்களை வாசித்தால் எவ்வளவு ஆகும்?
கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது நொடி.
இருபத்தொன்பதாவது பெயர் என் மகனுடையது.
மற்றவர்களுக்குக் கொடுத்த அதே மூச்சைத்தான்
அவனுக்கும் கொடுத்தேன்.
அரசு வானொலி இது.

சிவப்பு விளக்கு எரிகிறது.
அன்பான நேயர்களே,
நாளை கடல் ஏற்றம் மாலை ஐந்து பன்னிரண்டுக்கு.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
விளக்கு எப்போது அணையும் என்று தெரியாததால்.
படகுகளை மேலே இழுத்துக் கட்டுங்கள்.
இனி, ஆண்டு.